பச்சை வந்தால் கதவு திறக்கும்

டீயில் சீனி கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர். பரவாயில்லை, ஸ்டேஷன் டீ அப்படித்தான் இருக்கும். எழுதுகிறவரை நிதானமாக எழுதச் சொல்லுங்கள். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

காளவாசலில் எங்கள் ஆபீஸ் மாடியில் இருக்கிறது. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் கேட்டு டைப் அடித்து அனுப்புவது தொழில். நான் மேனேஜர், கோகுல்நாத். வேலை பார்க்கிறவர்கள் சோழவந்தான், திருவாதவூர் என்று எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வருவார்கள். வந்த களைப்புத் தீர ஒரு பேச்சு, பேசிய களைப்புத் தீர ஒரு டீ. இந்த மாதிரி ஆட்களுக்கு எங்கள் வீட்டில் பேசுகிற சௌராஷ்டிர மொழியில் ஒரு சொல் உண்டு. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

அதனால்தான் டாஷ்போர்டைச் செய்தேன். ஆளுக்கு ஒரு கட்டம். கீபோர்டில் கை ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. எல்லோரும் பார்க்கிற மாதிரி புரொஜெக்டர் வைத்துச் சுவரில் ஓடவிட்டேன். ஒரே வாரத்தில் வாயை மூடினார்கள். பிறகு வாசல் கதவையும் அதோடு இணைத்தேன். சிவப்பில் இருப்பவரின் கார்டுக்குக் கதவு திறக்காது. ஒரு பக்கம் முழுதாக அடித்து முடித்தால்தான் பச்சை திரும்பும். அது முழுக்க என் யோசனை. எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

கிளமெண்ட் என்று ஒருவர். வயசாளி, சாது. மத்தியானம் மாதா கோயில் மணி அடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு மூவேளை ஜெபம் சொல்வார். ஆனாலும் அவர் கட்டம் பச்சையாகவே இருக்கும். எப்படியென்று பார்த்தால், பக்கத்து நாற்காலி ரூத் இடது கையை நீட்டி அவர் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் வேறு சபை, அங்கே இந்த ஜெபமே கிடையாது. இருந்தும் அடுத்தவர் பக்திக்கு இவள் கை. இவர்கள் அதை அன்பு என்பார்கள். நான் திருட்டு என்பேன்.

கூப்பிட்டுக் கண்டிக்கவில்லை. ஒரே பட்டனைத் திரும்பத் திரும்பத் தட்டினால் வேலையாகச் சேராதபடி மாற்றி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் மணி அடித்தது. கிளமெண்ட் கண்ணை மூடினார். ரூத் தட்டினாள். கட்டம் சிவந்தது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே தட்டினாள், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடி அறையிலிருந்து நான் பார்த்தேன். அவருக்கு வேர்த்துக் கொட்டியது, கை நெஞ்சைப் பிசைந்தது. அது ஜெபம் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். இவள் எவ்வளவு நேரம்தான் தட்டுவாள், பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

அவர் சரிந்து விழுந்த பிறகுதான் மற்றவர்களுக்கு விளங்கியது. எல்லோரும் எழுந்து ஓடினார்கள், எல்லாக் கட்டமும் சிவந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் போய் ஒவ்வொருவராகக் கார்டைத் தேய்த்தார்கள்.

"அண்ணே, கதவத் தொறந்து விடுங்கண்ணே. ஆளுக்கு மூச்சு இழுக்குது," என்றான் ராஜகுரு.

"போயி உக்காந்து அடிங்கப்பா. பச்சை வந்தா தானாத் தொறக்கும்," என்றேன்.

ரூத் மட்டும் திரும்பி ஓடி, அழுதுகொண்டே ஒரு பக்கம் அடித்தாள். பிறகு பார்த்தேன், அதில் ஒரு பிழை இல்லை. நினைத்தால் இவர்களுக்கு வேலை வருகிறது. அவள் வந்து கதவைத் திறந்தபோது கிளமெண்ட் இறந்திருந்தார்.

கதவு ரிப்பேர் என்று சொல்லச் சொன்னார் கம்பெனி வக்கீல். ரிப்பேர் இல்லை. கதவைத் திறக்கும் பட்டன் என் மேசையில்தான் இருக்கிறது. என் விரல் அதன்மேல்தான் இருந்தது. அமுக்கியிருந்தால் மறுநாளிலிருந்து ஆளாளுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள்.

எனக்கு ஈவு இரக்கம் கிடையாது என்று அவர் மனைவி பிலோமினாள் வெளியே அழுதுகொண்டிருக்கிறாராம். அந்த அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். அன்று சாயங்காலம்வரை கிளமெண்ட்டின் கட்டம் சிவப்பாகவே கிடந்தது. யாரும் கேட்காமல் நானாகத்தான் அதை விடுப்பு என்று மாற்றினேன்.