ஆயுத பூஜைக்கு ஒரு வரி

அன்புசெல்வன்: ...இன்னுமா முடிக்கல பூமிகா? காலண்டர்தானம்மா! டீக்கடையில மாட்டிக்கீறான் பாரு, அத்தப் பாத்து எழுது.

பூமிகா: அது கிழிக்கிற காலண்டர், மேனேஜர் சார். இது எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏத்துற அட்டவணை. ஒரு நாளுக்கு ஒரு வரி. வேலை நாளா, லீவான்னு குறிக்கணும். உங்க ஃபேக்டரி ரிப்போர்ட்டெல்லாம் இதைக் கேட்டுத்தான் பேசும்.

அன்புசெல்வன்: சரி, எங்க மாட்டிக்கினே?

பூமிகா: போன ஆயுத பூஜை.

அன்புசெல்வன்: லீவு! முந்தின நாளே பூஜை போட்டு, பொரி குடுத்து அனுப்பிட்டோம். பொட்டு வெச்ச மிஷினை எவன் தொடுவான்?

பூமிகா: ஆனா... இரும்பு உருக்குற ஃபர்னஸ் ஓடியிருக்கே சார். கரன்ட் மீட்டர் காட்டுது.

அன்புசெல்வன்: மீட்டரு பேஜாரு.

பூமிகா: மத்தியானம் டக்குனு நின்னும் போயிருக்கு.

அன்புசெல்வன்: ...அதான் பேஜாருன்றேன்ல. லீவுன்னு போடு.

பூமிகா: போட்டா அந்த நாள் எந்த ரிப்போர்ட்லயும் வராது. அன்னிக்கு இங்க ஒண்ணுமே நடக்கலன்னு ஆயிடும்.

அன்புசெல்வன்: ஆவட்டுமே! அந்த நாள நெனச்சாலே எனக்கு சோறு எறங்கல.

பூமிகா: ஒண்ணும் நடக்காத நாளுக்கா சார்?

அன்புசெல்வன்: ...நீ நாஷ்டா துன்னியா? மூஞ்சே சரியில்ல. எந்த ஊரு?

பூமிகா: சோழவரம்.

அன்புசெல்வன்: சோழவரமா... அங்கேர்ந்து ஒருத்தர் வந்துக்கினு இருந்தாரு. கான்ட்ராக்ட் ஆளு, முனுசாமின்னு. தங்கமான மனுஷன்.

பூமிகா: இருந்தாருன்னா?

அன்புசெல்வன்: போய்ட்டாரும்மா. ஃபேக்டரி கேட்டுக்கு வெளிய... ரோட்ல... லாரி அடிச்சி.

பூமிகா: எப்போ?

அன்புசெல்வன்: அதே... ஆயுத பூஜை அன்னிக்கு.

பூமிகா: லீவு நாள்ல கேட்டாண்ட அவருக்கு இன்னா வேலை?

அன்புசெல்வன்: எனக்கு இன்னா தெரியும்? பொரி வாங்க வந்திருப்பாரு.

பூமிகா: பொரிதான் முந்தின நாளே குடுத்துட்டீங்களே சார்.

அன்புசெல்வன்: இன்னாத்துக்கு இப்பிடி நோண்டுற? அவரு ஊட்ல இருக்கறவங்களே ஒத்துக்கினாங்க. கையெழுத்து போட்டு உடம்ப வாங்கிக்கினு போனாங்க. நீ யாரு கேக்க? லீவுன்னு போடு!

பூமிகா: போட மாட்டேன்.

அன்புசெல்வன்: உங்க ஆபீசுக்கு போன் போடட்டா?

பூமிகா: போடுங்க. அப்பிடியே இதுக்கும் பதில் சொல்லுங்க... லாரி அடிச்சா உடம்பு வேகுமா சார்? பிரிக்காதீங்கன்னு சொல்லித்தான் துணி சுத்தி அனுப்பினீங்க. ஊட்ல யாரும் பிரிக்கல. நான் பிரிச்சேன். அவரு என்னப் பெத்த நைனா.