ஒரு மண், ஒரு வைன்

வைன் குடித்தால் எனக்கு நெஞ்செரியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னாரில் சிறுவயதில் மாதா கோயில் பூசையின்போது சுவாமியார் குடிப்பதைப் பார்த்ததோடு சரி. கணேசலிங்கம் தோட்டம் வாங்கும்வரை எனக்கும் வைனுக்கும் வேறு கொடுக்கல் வாங்கல் இருந்ததில்லை.

கணேஸ் கிளென் வேவர்லியில் என் எதிர்வீட்டுக்காரன். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகச் சக்திக்கு மீறி அங்கே வீடு வாங்கியவர்கள் நாங்கள். பிள்ளைகள் படித்து முடித்து வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். என் மனைவியும் காலமாகிவிட்டாள். மிஞ்சியது வெள்ளிக்கிழமைச் சீட்டாட்டம். விக்னராஜா, அவனுடைய மச்சான், கணேஸ், நான். கணேஸ்தான் என் சோடி. நான் பிழையான சீட்டைப் போட்டால் ஏசாமல் சிரிக்கிற ஒரே மனிதன் அவன். அந்தச் சிரிப்புக்காகவே நான் கொஞ்சம் அதிகமாகப் பிழை விட்டிருக்கிறேன். மற்றவை எல்லாம் இயல்பாக வந்த பிழைகள்.

ஓய்வு பெற்றதும் அவன் ஹீத்கோட் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டம் வாங்கினான். காரில் இரண்டு மணித்தியாலம். முதலில் வார இறுதிகளில் போய்வந்தான். பிறகு மனைவி யோகாவையும் கூட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். வெள்ளிக்கிழமைகளில் மிச்சம் மூன்று பேரும் டீவி பார்த்தோம்.

நான் அவனைப் பார்க்கப் போனால் கிளாஸைக் கையில் தந்துவிட்டுப் பாடம் தொடங்குவான்.

"மச்சான், வேற தோட்டத்துப் பழம் ஒண்டும் இதுக்குள்ள இல்லை. ஒரு மண், ஒரு வைன். இந்தச் சிவத்த மண்தான் ஷிராஸ் பழத்துக்கு உந்த இறுக்கத்தைக் குடுக்குது. வேலியோட யூக்கலிப்டஸ் மரம் நிக்குதெல்லே, அதின்ரை வாசமும் இருக்கு. மணந்து பார்."

"விக்ஸ் பூசின மாதிரிக் கிடக்கு."

"அதைத்தான்ரா சொல்லுறன். பக்கத்தில என்ன இருக்கோ, எல்லாத்தையும் பழத்தின்ரை தோல் வாங்கி வச்சிடும்."

"அப்ப நான் பக்கத்தில நிண்டா?"

"புளிச்சுப் போகும்," என்று யோகா குசினிக்குள்ளிருந்து சொன்னார்.

மூன்று பேரும் சிரித்தோம். பிறகு கணேஸ் சொன்னான்: "பகிடியை விடு. புகைக்குத்தான் எனக்குப் பயம். பழம் நிறம் மாறுற நேரம் புகை பட்டுதோ, வைன் சாம்பல் சட்டியை நக்கின மாதிரி இருக்கும். அப்பிடி ஒரு வருசம் வந்துதெண்டா எல்லாத்தையும் வித்துப்போட்டு வந்திடுவன்."

பாடத்தில் அந்தக் கடைசி வரி மட்டும் எனக்கு நன்றாக விளங்கியது.

பழம் நிறம் மாறுவது தை மாதத்தில், இந்த நாட்டுக் கடுங்கோடையில். பொங்கலும் தை மாதத்தில். இந்தப் பொருத்தத்தை நான் ஏற்படுத்தவில்லை. யோகாவுக்கு முற்றத்தில் விறகு மூட்டித்தான் பொங்கவேண்டும். "காஸில பொங்கினா சூரியனுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்பார். ஆனால் கவனமான மனுசி. அன்றைக்கு நெருப்புத் தடை இல்லையென்று பார்த்து, சுற்றிவரப் புல்லைச் செருக்கி, வாளி நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் அடுப்பை மூட்டினார். பால் பொங்கியது. வேதக்காரனான நானும் எல்லோருக்கும் கேட்கச் சத்தம் போட்டேன்.

சாப்பிட்டு முடித்து, யோகா பானையை உள்ளே கொண்டுபோன நேரம், ஒரு தகரத்தில் கொஞ்சத் தணலை அள்ளிக் காருக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். அவர் திரும்பிவந்து மிச்ச அடுப்பைத் தண்ணீர் ஊற்றி நூர்த்தார். நான் "போட்டு வாறன்" என்று விடைபெற்று, போகிற வழியில் வேலியோரம் அந்த மரங்களுக்குக் கீழே, காய்ந்த புல்லில் தகரத்தைக் கவிழ்த்தேன். காற்று தோட்டத்தின் பக்கம் வீசியது. எனக்கு வேண்டியிருந்தது புகை மட்டும்தான். நெருப்பை நான் யோசிக்கவில்லை. யோசிக்கக்கூடிய ஆள் என்றால் சீட்டிலும் வென்றிருப்பேனே.

நெடுஞ்சாலையில் கார்க் கண்ணாடியில் பார்த்தேன். புகை நான் நினைத்ததைவிட அதிகமாக இருந்தது. திரும்பிப் போனால் ஏன் வந்தாய் என்று கேட்பார்கள். எனவே திரும்பவில்லை.

யோகா தெருவுக்கு ஓடித் தப்பிவிட்டார். கணேஸ் தண்ணீர்ப் பம்பைப் போடுவதற்காகக் கொடிகளுக்குள் ஓடினான். அவனை இரண்டு வரிசைகளுக்கு நடுவில் கண்டெடுத்தார்கள். பழம் எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே புகை பிடித்ததா என்று சோதித்துப் பார்க்கவும் வழியில்லை.

பொறி பறந்தது தன் அடுப்பிலிருந்துதான் என்று யோகாவே இதே பொலிஸ் நிலையத்தில் உங்களிடம் சொன்னார். அப்போது பக்கத்தில் இருந்து அவருடைய கைப்பையை வைத்திருந்தவன் நான். அதன்பிறகு அவர் எதிர்வீட்டுக்கே திரும்பி வந்தார். பின்னேரங்களில் அங்கே வெளிச்சம் தெரிந்தது. நான் சோறும் மீன்குழம்பும் கொண்டுபோனேன். அவர் அழுதார், நான் தேற்றினேன். எனக்கு இளகிய மனது. அழுகிறவர்களைத் தனியே விட முடியாது. அது அப்படியே போயிருக்கலாம்.

போன கிழமை அவர் சொன்னார்: "நான் தோட்டத்தை விக்கமாட்டன், நொயல். எரிஞ்ச கொடியள் அடியால தளிர்க்குதாம். என்ரை அடுப்பால போன உயிர். நான் அங்க போயிருந்து பாக்கிறதுதான் அவருக்குச் செய்யிற கடன்."

அதனால்தான் இங்கே வந்தேன். அந்த நெருப்பு யோகாவுடையதல்ல. நான் வைத்தது. அது தெரிந்தால் அவருக்கு அந்த மண்ணோடு எந்தக் கடனும் இல்லை, எங்கேயும் போகத் தேவையில்லை, எதிர்வீட்டிலேயே இருந்துவிடலாம். எல்லாவற்றையும் நன்றாக யோசித்துத்தான் வந்தேன். அவருக்கு எதிரே நான் இருக்கமாட்டேன் என்பது மட்டும், நீங்கள் கதவைச் சாத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது.