பெண் பார்க்கப் போகும் பஸ்ஸில் கிட்னி விசாரணை

தென்காசியில் பண்பொழி பஸ் ஏறினேன். குற்றாலத்தில் குளித்தவர்கள் ஈரத் தலையோடு நெருக்கி நின்றார்கள். எனக்கு முன் சீட்டில் வெள்ளை வேட்டி கட்டிய இருவர். மடியில் பூத்தட்டு வைத்திருந்த பெரியவர் சத்தமாகச் சொன்னார்:

“கிட்னி முதுகை ஒட்டில்லா இருக்கு மாப்ள. அதை இருட்டுல வயித்து வழியா எடுத்திருக்கான். டாக்டரேதான்.”

“கறி வெட்டுத ஆளுக்கு அது ஒரு வேலையா அத்தான்?”

“அப்போ ரத்தம் ஏன் சுவர்ல பீச்சலை?”

“முதல்ல கழுத்தை நெரிச்சிருக்கான். பொறவுதான் அறுத்திருக்கான்.”

எதிர் சீட்டிலிருந்து அவர் மனைவி சீறினார். “விக்டோரியா ராணி காலத்துல லண்டன்ல செத்த பொம்பளைகளுக்கு இங்கன என்ன விசாரணை? சுரண்டையில பொண்ணு பார்க்கப் போயி இதைப் பேசித்தான் சம்பந்தமே முறிஞ்சுது. இன்னைக்கும் வாயைத் திறந்தீங்க, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்.”

“அந்த ஊர் போலீசுக்கே பிடிபடாத ஆளு. நாங்க பிடிச்சிருவோம்லா?” என்றார் பெரியவர்.

கம்பியைப் பிடித்து நின்ற மகன் மெதுவாகச் சொன்னான். “அம்மா, நேத்து போன்ல பொண்ணுகிட்ட நான் இந்தக் கேசைச் சொல்லிட்டேன்.”

“அடப்பாவி! அதுக்கு அவ என்னலே சொன்னா?”

“அவ நர்சுல்லா. டாக்டர்னா இப்படிக் கன்னாபின்னான்னு வெட்டமாட்டானாம். அப்பாகிட்ட நேர்ல பேசிக்கிடுதேன்னு சொல்லுதா.”

பெரியவர் பக்கத்திலிருந்த மச்சினர் தொடையைத் தட்டிச் சிரித்தார். “தோத்தீங்க அத்தான்.”

“வரட்டும். டாக்டர்தான்னு ஒத்துக்க வச்சிருதேன்.”

பெரியவரின் மனைவி பூத்தட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். “இந்தச் சம்பந்தம் கூடிரும். இனி வீட்டுல என் கூடப் பேசத்தான் ஆள் கிடையாது.”