மேலே வந்து நின்ற மீன்கள்

மீன் வளர்ப்பதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, டாக்டர். தண்ணீரில் காற்று கலந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மீன் தொட்டி உங்கள் யோசனை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு மனம் குலைந்துபோன என் தங்கை, சில வருடங்கள் மருத்துவமனையும் வீடுமாக அலைந்து ஒருவழியாகத் தேறியபோது, "முதலில் மீன்களைப் பார்த்துக்கொள்ளட்டும். அவை நன்றாக இருந்தால் மகளையும் தன்னோடு வைத்துக்கொள்ளலாம்" என்றீர்கள். கைக்குழந்தையிலிருந்து அவளை வளர்த்தவள் நான். இப்போது ஒன்றாம் வகுப்பு. கீழ்வீட்டில் என் பக்கத்தில் தூங்கி, என் முகத்தில் விழிக்கிறவள். அவளை மாடியில் இருக்கும் தங்கையிடம் அனுப்புவதா வேண்டாமா என்பதை நாலைந்து வண்ண மீன்களிடம் விட்டுவிட்டீர்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

தொட்டி வாங்கப் போனதும் நான்தான். கடைக்காரர் வாயாடி. "தண்ணி சூடேறினா காத்து நிக்காதுங்க. மீன் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுச்சுன்னா மூச்சு முட்டுதுன்னு அர்த்தம். நம்மாளுங்க பசின்னு நெனச்சு இன்னும் அள்ளிப் போடுவாங்க. அது அழுகி, இருக்கற காத்தையும் தின்னுடும். பாசத்துலயே கொன்னுடுவாங்க" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

தங்கையிடம், "குமிழி வந்துகிட்டே இருந்தா போதுமாம்" என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை. பாதி.

அவள் நன்றாகவே பார்த்துக்கொண்டாள். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

"பாருக்கா, இந்தக் குண்டனுக்கு என்னை அடையாளம் தெரியுது. வாலை ஆட்டறான்."

"நாய் வளக்கறதா நெனப்பாடி உனக்கு?"

"உனக்குப் பொறாமை."

விளையாட்டாகத்தான் சொன்னாள். முகத்தில் சதை பிடித்திருந்தது. மகளுக்கென்று ஒரு சின்னக் கட்டில் வாங்கிப் போட்டிருந்தாள். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் தொடங்கினேன்.

அவள் தையற்கடைக்குக் கிளம்பியதும் மாடிக்குப் போவேன். தண்ணீரைச் சூடாக்கும் கருவியின் திருகை ஏற்றுவேன். காற்றுக் குழாயின் திருகைக் குறைப்பேன். முழுவதும் மூடியதில்லை, குமிழி வந்துகொண்டிருக்க வேண்டும். அவள் திரும்புவதற்குள் இரண்டையும் பழையபடி வைத்துவிடுவேன். தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் ஆறாது.

"ஏன்க்கா எல்லாம் மேலயே நிக்குது? கடைக்காரரைக் கேட்டுப் பாக்கலாமா?"

"நான் கேட்டுட்டேன். பசிதானாம். நாள் பூரா பட்டினி போடறியே, இன்னொரு பிடி போடு."

போட்டாள். போகப்போக அழுதுகொண்டே போட்டாள். நான் ஒரு மீனையும் கையால் தொடவில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

குண்டன்தான் கடைசி. அதை ஒரு கோப்பையில் வைத்து ஏந்திக்கொண்டு இறங்கி வந்தாள்.

"நான் தொட்டா எதுவும் உருப்படாதுக்கா. அவ உன்கிட்டயே இருக்கட்டும்."

அவளைக் கட்டிக்கொண்டேன். அந்த அணைப்பில் நடிப்பு இல்லை. அதன் பிறகு அவள் மாத்திரைகளை நிறுத்திவிட்டாள். எனக்குத் தெரியும், உங்களிடம் சொல்லவில்லை. மறுபடி மருத்துவமனைக்குப் போகும்படி ஆனபோது பெட்டியை நான்தான் அடுக்கினேன். அங்கே குளிரும் என்று கம்பளி உடையும் வைத்தேன்.

நீங்கள் என்னை அழைத்தது அதற்காக இல்லை. குழந்தை பள்ளியில் யாரிடமும் பேசுவதில்லை, ஏன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஒரு விடுமுறை நாளில் நான் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தபோது அவள் கதவருகில் நின்றிருந்தாள்.

"பெரியம்மா, மீனுக்கு மூச்சு முட்டுதா?"

"இல்லடா கண்ணு. அம்மாகிட்ட சொல்லாத."

அவள் சொல்லவில்லை. தன் அம்மா அந்தக் கோப்பையோடு எங்கள் முன்னால் நின்றபோதும் சொல்லவில்லை. அவள் கை என் கைக்குள் இருந்தது. அன்றிலிருந்து யாரிடமும் எதுவும் பேசுவதில்லை. என்னிடமும்தான்.

இதைப் பயம் என்பீர்கள். உங்கள் படிப்பு அப்படிச் சொல்லும். நான் அவளைச் சுமந்து பெறவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யோசித்துப் பாருங்கள் டாக்டர், பெற்ற தாயைத் தவிர வேறு யாருக்காக ஒரு குழந்தை இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்கும்?