தண்ணீர்மலைக்கு நேர்ந்த முடி

— தொப்பிய ஒழுங்கா போடு. பின்னாடி முடி தெரியுது.

— தெரியட்டும்கா. இன்னும் கொஞ்ச நேரத்துல மொத்தமும் கீழதானே கிடக்கப்போகுது.

— மெதுவா பேசு. அந்த அங்கிள் திரும்பிப் பாக்குறார்.

— என்னப் பாக்கல. மொட்டை வரிசை எவ்ளோ நீளம்னு பாக்குறார்.

— ஏன் இப்படி எரிஞ்சு விழற?

— காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல.

— நானும்தான் விரதம். நான் எரிஞ்சு விழலையே.

— உனக்கென்ன லா. உன் தலைய யாரும் முருகனுக்கு எழுதி வைக்கல.

— அம்மா என்ன, வேணும்னா செஞ்சாங்க? எஸ்பிஎம் பரீட்சை நல்லா வரணும், காலேஜ்ல இடம் கிடைக்கணும். கிடைச்சா பையனுக்குத் தண்ணீர்மலையில மொட்டை. பினாங்குல பாதி அம்மாங்க வேண்டிக்கிறதுதான்.

— பையனுக்கு.

— ...சரி. அவங்களுக்குத் தெரியாதுல்ல.

— தப்பு என் மேலதான். ரெண்டு வருஷமா அந்த வேண்டுதல வச்சேதான் இத வளத்தேன். காலேஜ்ல பசங்களுக்கு முடி காலர்ல படக்கூடாது. டிசிப்ளின் பாக்குற சார் கூப்பிட்டார். முருகனுக்கு நேர்ந்தது சார், மொட்டை போடுற வரைக்கும் கத்தி படக்கூடாதுன்னேன். அவர் அம்மாவுக்கே போன் போட்டுக் கேட்டார். அம்மாவும் ஆமான்னாங்க. சாமி விஷயம்னதும் விட்டுட்டார்.

— கெட்டிக்காரிதான்.

— போன வருஷம் எக்ஸாம்னு சொல்லித் தள்ளிப்போட்டேன். இந்த வருஷம் அவரே கேக்குறார், தைப்பூசம் எப்பன்னு. திங்கக்கிழமை மொட்டையோட போய் அவர் முன்னாடி நிக்கணும்.

— அப்புறம் விக் வச்சுக்க.

— லேப்ல விக் வச்சுக்கிட்டு, அவர் முன்னாடி.

— சும்மா சொன்னேன்.

— உனக்குச் சும்மா. அங்க என் கூட்டாளிங்க இமானும் சலேஹாவும் மட்டும்தான் காமினின்னு கூப்பிடுவாங்க. அதுவும் கேண்டீன்ல, பக்கத்துல ஆள் இல்லாதப்ப. மத்தவங்களுக்கு கோகுலன். கேலி பண்றவங்களுக்குப் பொண்டான். டாய்லெட் போகணும்னா வீல்சேர்காரங்க டாய்லெட். அதையும் பூட்டி வச்சிருந்தா ரூமுக்குப் போற வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டேன். கண்ணாடியில பாத்தா இந்த முடி ஒண்ணுதான்கா நான். மத்ததெல்லாம் உள்ள கிடக்கு. எவனுக்கும் தெரியாது.

— இந்தா, கர்ச்சீப்.

— அழல. வேர்வை.

— நான் ஒண்ணும் கேக்கல.

— பாத்தல்ல.

— இங்க பாரு. ஒரு வழி இருக்கு. பூமுடி குடுத்துடு.

— எது... பொம்பளைங்க குடுக்குறதா?

— ஆமா. நுனியில மூணு இடத்துல கத்தரிச்சா போதும். மொட்டைக்குச் சமம்தான். வேண்டுதலும் முடிஞ்சுரும், முடியும் இருக்கும்.

— அது பொம்பளைங்களுக்குக்கா.

— அதான்டி சொல்றேன்.

— அம்மா பக்கத்துல நிப்பாங்க. கத்தி வச்சிருக்கிறவர்கிட்ட நான் வாயத் திறந்து எனக்குப் பூமுடின்னு சொல்லணும். அப்ப எல்லாத்தையும் சொன்ன மாதிரிதானே.

— ஆமா.

— சொல்லிடவா?

— எனக்குத் தெரியல.

— ஐடியா குடுத்தது நீ.

— ஐடியா குடுக்குறது ஈஸி. அம்மா மயங்கி விழுந்தா யாரு தூக்குறதுன்னு யோசிக்கிறேன்.

— அம்மா எங்க போனாங்க?

— தேங்காய் வாங்கிட்டு வர்றேன்னாங்க.

— இவ்ளோ நேரமாவா? போன் பண்ணு.

— பண்ணிட்டேன். எடுக்கல. இந்த உருமிச் சத்தத்துல எங்க கேக்கும்.

— அவங்க வர்றதுக்குள்ள ஓடிடவா?

— எங்க?

— பாயான் பாருவுக்கு. நான் தங்கியிருக்கிற ரூமுக்கு.

— இன்னிக்கு இந்த ரோட்டுல எந்த பஸ் வரும்? நடந்து போ. போனா? அடுத்த வருஷம் என்ன செய்வ?

— அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

— போன வருஷமும் இதத்தான் சொன்ன. வரிசை நகருது, முன்னாடி போ.

— நீ முன்னாடி போக்கா.

— நானும் வர்றேன்ல. போ... உனக்கு மட்டும்தான் உலகமே இடிஞ்ச மாதிரி. அங்க பாரு, அந்த ஆண்ட்டிய. தண்ணீர்ப் பந்தல்கிட்ட.

— முதுகு காட்டி நின்னு மோர் குடிக்கிறாங்களே, அவங்களா?

— அவங்கதான். பொம்பளைங்க கொட்டகையிலேர்ந்து இப்பதான் வந்தாங்க. முழு மொட்டை. குளிச்சுப் புதுப் புடவை மாத்தி, தலையெல்லாம் சந்தனம். அவங்க என்ன செத்தா போயிட்டாங்க?

— அவங்க இஷ்டப்பட்டுப் போட்டிருப்பாங்க.

— காது மட்டும் ரெண்டு பக்கமும் பானைக்குக் கைப்பிடி வச்ச மாதிரி.

— சும்மா இருக்கா. பாவம்.

— சிரிச்சிட்டல்ல.

— திரும்புறாங்க. நீ கத்துனது கேட்டுருச்சு.

— இந்தச் சத்தத்துல எப்படிக் கேக்கும்... ஐயோ, நம்மளத்தான் பாக்குறாங்க.

— நேரா வர்றாங்க. மன்னிப்புக் கேளு.

— நீ கேளு. சின்னப் புள்ள, திட்ட மாட்டாங்க.

— அக்கா.

— என்ன?

— அக்கா... அது அம்மா.

— வரிசைய விட்டு வெளிய வாங்க, ரெண்டு பேரும்.

— அம்மா... என்னம்மா இது, தலை...

— வேண்டுனது என் வாய். தலையும் என்னுதாவே இருக்கட்டும்னு முருகன்கிட்ட சொல்லிட்டேன். கைப்பிடின்னு எவ சொன்னது?

— நா... நான்தான்மா. லோகேஸ்வரிதான். தெரியாம...

— வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு. அவ கிடக்குறா, நீ ஏன் அழற? கண்ணத் தொடச்சுக்க. எல்லாரும் பாக்குறாங்க.

— நான்தானேம்மா போட வேண்டியது. நீங்க ஏன்...

— கடன் தீந்துருச்சு. அதோட விடு. அந்தக் காலேஜ் சார் கேட்டா, அம்மா இன்னொண்ணு நேர்ந்திருக்காங்க, படிச்சு முடிக்கிற வரைக்கும் கத்தி படக்கூடாதாம்னு சொல்லு. போன் பண்ணட்டும். நான் பேசிக்கிறேன்.

— சாமி பேர்ல பொய்யாம்மா?

— பொய் இல்ல. உள்ள உக்காந்திருந்தப்பவே நேர்ந்துக்கிட்டேன்.

— அப்பா...?

— அப்பாகிட்ட நான் பேச மாட்டேன். அது உன் பாடு. எனக்கே இன்னும் பாதி புரியல. ராத்திரியில தூக்கம் வரல.

— உங்களுக்கு யாரும்மா சொன்னா? அக்கா, நீயா?

— சத்தியமா நான் இல்ல. இவங்களுக்குத் தெரியும்னு எனக்கே இப்பதான் தெரியுது.

— அவ வாயே திறக்கல. அதுக்கும் சேத்துத்தான் வீட்டுல இருக்கு.

— அப்புறம் எப்படிம்மா...

— தீபாவளிக்கு முன்னாடி பாயான் பாரு பாசாருக்கு வந்தேன். பச்ச பஞ்சாபி சூட்ல ஒரு பொண்ணு, ஒரு மலாய்ப் பொண்ணுகூட நின்னு, மீன்காரன்கிட்ட வெல பேசிச் சிரிச்சுக்கிட்டிருந்தா. யாரு வீட்டுப் புள்ளையோ, நல்லா சிரிக்கிதேன்னு பாத்துக்கிட்டு நின்னேன். இப்ப நீங்க ரெண்டு பேரும் என்னப் பாத்துக்கிட்டு நின்னீங்களே... அடையாளம் தெரிய எனக்கும் அவ்ளோ நேரம்தான் ஆச்சு.