பனிப்பூச்சு

எனக்கு விருந்தாளிகளைப் பிடிக்கும். என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, வேலை தேடி வந்து எங்களோடு இரண்டு மாதம் தங்கியபோது நான் ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. நல்ல பையன். கைதான் சும்மா இருக்காது. ஓடுகிற கடிகாரத்தைக் கழற்றுவான், ஒழுகாத குழாயை முறுக்குவான்.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நாணயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ப்ரூஃப் வெள்ளி நாணயம் செலவழிக்க அல்ல, சேகரிப்பவர்களுக்கென்றே அச்சடிப்பது. பின்புலம் கண்ணாடி மாதிரி இருக்கும். உருவத்தின் மேல் மட்டும் பனி படிந்ததுபோல வெண்மையாக ஒரு பூச்சு. பன்னிரண்டு பறவைகள் கொண்ட வரிசையில் என்னிடம் பதினொன்று இருந்தன. ஆந்தைதான் பாக்கி. அதற்காக இணைய ஏலத்தில் மூன்று வருடம் போராடினேன். ‘வெள்ளிமீன்’ என்ற பெயரில் எவனோ ஒருவன் ஒவ்வொரு முறையும் கடைசி நொடியில் வந்து என் வாயில் மண்ணைப் போட்டான். போன மாதம் அவனுக்கு இணைப்பு அறுந்ததோ என்னவோ, ஆந்தை எனக்குக் கிடைத்தது. அலுவலகக் கழிப்பறையில் நின்று அழுதேன்.

பார்சல் வந்தபோது நான் வேலையில் இருந்தேன். வீடு திரும்பியதும் மைத்துனன் வாசலிலேயே பல்லெல்லாம் தெரிய நின்றான்.

“மாமா, உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க. காசு மேல ஒரே வெள்ளையா பூத்துப் போயிருந்துச்சு. பேஸ்ட் போட்டு ஒரு மணி நேரம் தேய்ச்சேன். இப்ப பாருங்க, எப்படி மின்னுதுன்னு.”

ஆந்தை சமையலறைக் கரண்டிபோல மின்னியது.

“கை வலிச்சிருக்குமே,” என்றேன். அக்கறையாகத்தான் கேட்டேன்.

மறுநாள் என் மனைவி நான்கு நாள் தங்குவதற்கு அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். நாணயங்களுக்கென்று நான் கட்டிய அறை அலமாரி அளவுதான். ஈரக்காற்று புகாமலிருக்கக் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, வெளிப்பக்கம் தாழ்ப்பாள். நாணயங்களை எடுத்துத் தரச் சொல்லி மைத்துனனை உள்ளே அனுப்பினேன். இருவரும் கையுறை போட்டிருந்தோம். திட்டமிட்டதற்கு அதுவே சாட்சி என்கிறீர்கள். கையுறை நாணயத்துக்காக.

“எல்லாத்தையும் ஏன் மாமா வெளிய எடுக்கறோம்?”

“உள்ள ஈரம் சேரப் போகுது.”

நான் பொய் சொல்கிறவன் அல்ல. மனிதர்களின் மூச்சு வெள்ளிக்கு ஆகாது. அன்றுதான் அவன் முதல் தடவையாகப் பதறாமல், ஓரத்தைப் பிடித்து, பதவிசாக ஒவ்வொன்றையும் நீட்டினான். மனம் கொஞ்சம் இளகியது உண்மை. பதினொன்றாவது என் கைக்கு வந்ததும் கதவைச் சாத்தித் தாழிட்டேன். சாயங்காலம்வரை தட்டினான். பட்டை நல்ல ரகம், சத்தம் அதிகம் கேட்கவில்லை. அதன்பிறகு நான் திறக்கவே இல்லை.

கோபத்தில் செய்தாயா என்று கேட்கிறீர்கள். கோபக்காரனுக்குப் பதினொன்றையும் முதலில் பத்திரப்படுத்தத் தோன்றுமா?

திரும்பி வந்து அந்த அறைக் கதவைத் திறந்ததிலிருந்து என் மனைவி அழுகையை நிறுத்தவில்லையாம். அவளிடம் சொல்லுங்கள், வியாழக்கிழமை இன்னோர் ஆந்தை ஏலத்துக்கு வருகிறது. என் சேகரிப்பின்மேல் அவளுக்கு இத்தனை பாசம் இருந்தது எனக்குத் தெரியாமலே போய்விட்டது.