ஜானவாச இம்பாலா

கல்யாணராமன்: ...அப்புறம் இந்தப் பின்பக்கம்? அதைச் சொல்லேன், ஷரஃபுதீன்.

ஷரஃபுதீன்: இப்பதானே சார் சொன்னேன்...

கல்யாணராமன்: இன்னொரு தரம் சொல்லு. கேக்க நன்னாருக்கு.

ஷரஃபுதீன்: அம்பத்தொம்போது இம்பாலா சார். மத்த வண்டிங்க ரெக்கைய மேல தூக்கிக்கினு நிக்கும். இது அப்டியே படுக்க வச்சி விரிச்சிக்கினு கீது பாருங்க, பருந்தாட்டம். அதுக்குக் கீழ பூனைக்கண்ணு லைட்டு. பிரேக் அடிச்சா...

கல்யாணராமன்: செவசெவன்னு முழிக்கும்.

ஷரஃபுதீன்: ஆங்! முப்பத்தஞ்சு வருச வண்டின்னு எவனாவது சொல்வானா? ...சார், மணி ஏழாவப் போவுது.

கல்யாணராமன்: ஆகட்டுமே. பிள்ளையார், கோயிலைவிட்டு எங்கயும் ஓடிடப் போறதில்லை.

ஷரஃபுதீன்: நான் பிள்ளையாரைச் சொல்லல சார். மாப்பிள்ளை ஊர்வலம் ஆறு மணிக்கின்னீங்க. நாயனக்காரரு ரெண்டு டீ குடிச்சிட்டாரு. கேஸ் லைட்டுக்காரன் மொணமொணன்னு...

கல்யாணராமன்: பொண்ணைப் பெத்தவன் நானே சும்மா இருக்கேன், அவனுக்கு என்ன அவசரம்? நீ வண்டியைச் சொல்லு. முன் கண்ணாடி ஏன் இப்படி வளைஞ்சிருக்கு?

ஷரஃபுதீன்: அதான் சார் ஸ்டைலு. சைடு வரைக்கும் சுத்திக்கினு வரும். உள்ள குந்துனா மாடவீதியே உங்க மடியில கீற மாதிரி இருக்கும். அமெரிக்காக்காரன் காரா செஞ்சான்? தேரு சார்!

கல்யாணராமன்: பெட்ரோல் குடிக்கற தேர்.

ஷரஃபுதீன்: கலாய்க்காதீங்க சார்...

கல்யாணராமன்: என் பொண்ணு மது சின்னவளா இருக்கச்சே, யாராத்து ஜானவாசமானாலும் முதல்ல ஏறி உக்காந்துப்பா. இதே வண்டிதான். மாப்பிள்ளையைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. "எனக்கும் இந்தக் கார்தான்ப்பா"ன்னா.

ஷரஃபுதீன்: மறக்குமா சார்? பம்பருல மூஞ்சி பாத்து அழகு காட்டும்.

கல்யாணராமன்: டிக்கியைத் திறயேன். கல்யாணப் பாத்திரம் மொத்தமும் உள்ள அடங்கும்னு பீத்திப்பியே.

ஷரஃபுதீன்: டிக்கி வேணாம் சார். பூட்டு மக்கர் பண்ணுது.

கல்யாணராமன்: நேத்திக்கு நன்னாத்தானே திறந்தே?

ஷரஃபுதீன்: இன்னிக்கி மக்கர் சார்...

கோமளம்: ஏன்னா! காரைப் பாத்துண்டா நிக்கறேள்? மாப்பிள்ளை எங்கே? சம்பந்தியாத்துலேர்ந்து ஒரு குஞ்சு குளுவானைக்கூடக் காணோமே!

கல்யாணராமன்: வந்துண்டே இருக்கா, கோமளம். வண்டிதான் இன்னும்... இல்லையா ஷரஃபுதீன்?

ஷரஃபுதீன்: ஆமாம்மா. பேட்டரி வீக்கு. அஞ்சே நிமிசம்.

கோமளம்: நன்னாருக்கு, இன்னிக்குன்னு பாத்து! மது அங்க உசிரை வாங்கறா. "கார் வந்துடுத்தா, கார் வந்துடுத்தா"ன்னு. மாப்பிள்ளை வந்தாச்சான்னு ஒரு வார்த்தை கேக்கலை பாருங்கோ!

கல்யாணராமன்: நீ மண்டபத்துக்குப் போ. நான் கூட்டிண்டு வரேன்.

கோமளம்: சீக்கிரம் வாங்கோ.

ஷரஃபுதீன்: ...அம்மா போயிட்டாங்க சார்.

கல்யாணராமன்: பேட்டரி நன்னாத்தானே இருக்கு? நீ ஏன்யா பொய் சொன்னே?

ஷரஃபுதீன்: நீங்க ஏன் சார் சொன்னீங்க?

கல்யாணராமன்: ...மூணு மணிக்கு ஃபோன் வந்தது. மாப்பிள்ளையோட அண்ணா. ரூம்ல ஆளைக் காணோம், பையைக் காணோம்னு காலம்பறலேர்ந்து தேடறாளாம். வந்துடுவான், வந்துடுவான்னு ஒருத்தர்கிட்டயும் நான் வாயைத் திறக்கலை. எப்படிச் சொல்லுவேன்? கை நிறைய மருதாணி வெச்சுண்டு உக்காந்திருக்காளே! என் குழந்தை வாழ்க்கை போச்சு, ஷரஃபுதீன். அந்தப் பாவி எங்க போனான்னாவது தெரிஞ்சா...

ஷரஃபுதீன்: சார்... என்னைச் செருப்பால அடிங்க சார். காலையில வண்டி தொடைச்சிக்கினு இருந்தேன், மாப்பிள்ளை வந்தாரு. உங்களாட்டமே சுத்திச் சுத்திப் பாத்தாரு. ரெக்கையைத் தடவினாரு. "இந்த மாதிரி அழகு எங்கயும் பாத்ததில்ல பாய்"ன்னாரு. வண்டியைப் புகழ்ந்தா நான் அவுட்டு சார்... கோட்டு டைட்டு, டெய்லர் வரைக்கும் போலாமான்னாரு, ஏத்திக்கினேன். பாண்டி பஜாரு போறதுக்குள்ள, சென்ட்ரலுக்கு வுடுன்னாரு. ஃப்ரெண்டைக் கூட்டிக்கினு வந்துடறேன்னு பையோட உள்ள போனவரு, வரவே இல்ல... டிக்கி பூட்டு நல்லாத்தான் கீது சார். அவரு சீட்டுல வுட்டுட்டுப் போன கோட்டு, நீங்க எடுத்துக் குடுத்தது, உள்ள கீது.